பட்டியில் அடைத்த சுல்தான்

ஆமோஸ்: ...அதெல்லாம் நடக்காது. முதல்ல காது அடையாளம் சொல்லு. அப்புறம்தான் பூட்டு திறக்கும்.

ஹில்டா: என் கிடா சுல்தான் கதவுக் கம்பி வழியா என்னையே பாத்துட்டு நிக்கிறான். நான் அவனையே பாத்துட்டு நிக்கிறேன். இதுக்கு மேல என்னய்யா அடையாளம்?

ஆமோஸ்: ஆடு யாரைப் பாத்தாலும் அப்படித்தான் நிக்கும். முந்தாநேத்து தபால்காரரையும் இப்படித்தான் பாத்தான். அதுக்காக அவர்கிட்ட ஒப்படைச்சிட முடியுமா? அந்தப் பக்கம் திரும்பி நின்னு, ஆட்டைப் பாக்காம சொல்லணும். பட்டிச் சட்டம்.

ஹில்டா: யாரு போட்ட சட்டம்?

ஆமோஸ்: ஊர் சபை. எழுநூறு வருஷத்துச் சட்டம்.

ஹில்டா: உன்னைப் பட்டிக்காரனாப் போட்டது போன ஆகஸ்ட்ல. திருவிழா அன்னைக்குத் தொப்பி போட்டுக் கோலைப் பிடிச்சுட்டு நிக்க ஆள் வேணும்னு. அதுவும் நாலு பேர் மாட்டேன்னு சொன்னப்புறம்.

ஆமோஸ்: மூணு பேர்.

ஹில்டா: நாலு. நானும் மாட்டேன்னு சொன்னேன்.

ஆமோஸ்: யார் தலையில தொப்பி ஏறிச்சோ அவன்தான் பட்டிக்காரன். அலையற ஆட்டைப் பிடிச்சு அடைக்கிறது என் கடமை. உன் கிடா எங்க நின்னுச்சு தெரியுமா? கல்லறைத் தோட்டத்துல. கிழவி பிரண்டன் கல்லறை மேல வச்ச மலர் வளையத்தைத் தின்னுட்டு...

ஹில்டா: அவ உயிரோட இருந்தப்போ என் வைக்கோலை எத்தனை கட்டு தூக்கிட்டுப் போனா. இப்போ என் கிடா அவ பூவைத் தின்னா என்ன தப்பு?

ஆமோஸ்: செத்தவங்களைப் பத்தி...

ஹில்டா: சரி, பிடிச்சே. அடைச்சே. எனக்கு ஒரு வார்த்தை சொன்னியா?

ஆமோஸ்: நோட்டீஸ் ஒட்டினேனே.

ஹில்டா: எங்க?

ஆமோஸ்: பட்டிக் கதவுல.

ஹில்டா: நான் இந்த வழியாத்தான் தினம் பால் வாங்கப் போறேன். கதவுல ஒண்ணும் இல்லையே.

ஆமோஸ்: உள்பக்கம்.

ஹில்டா: உள்பக்கமா?

ஆமோஸ்: வெளிப்பக்கம் ஒட்டினா மழையில நனைஞ்சிடும்.

ஹில்டா: அப்போ அந்த நோட்டீஸைப் படிக்க வேண்டியவன் சுல்தான் மட்டும்தான்.

ஆமோஸ்: படிச்சானோ என்னமோ. மறுநாள் காலையில பாதியைக் காணோம். தின்னுட்டான். இதோ பாரு ஹில்டா, சட்டத்தைச் சுத்தி வளைக்காதே. காது அடையாளம்.

ஹில்டா: இடது காதுல நுனி வெட்டு. வலது காதுல அடிப்பக்கம் ரெண்டு கீறல். கொம்புல எங்கப்பா பேரோட முதல் எழுத்து, சூடு போட்டது. போதுமா? எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பான்னும் சொல்லணுமா?

ஆமோஸ்: ம்... சரியாத்தான் இருக்கு.

ஹில்டா: திற.

ஆமோஸ்: ஆனா பாரு... இன்னைக்குத் திங்கக்கிழமை.

ஹில்டா: அதுக்கு?

ஆமோஸ்: திங்கக்கிழமை பட்டி திறக்கிறதில்லை.

ஹில்டா: யோவ்! நவம்பர் மாசம்யா! என் பொட்டை ஆடுங்க எல்லாம் பருவத்துக்கு வந்து வேலியோரம் வரிசையா நின்னு வழி பாத்துட்டு இருக்கு. இப்போ கிடா சேர்ந்தாத்தான் ஏப்ரல்ல குட்டி. இதையும் உனக்கு நான் உக்கார வச்சுச் சொல்லணுமா?

ஆமோஸ்: அவ்வளவு அவசரம்னா, கிடா காணாமப் போய் எட்டு நாளா எங்க போனே?

ஹில்டா: ...முட்டி வலி.

ஆமோஸ்: எட்டு நாளாவா?

ஹில்டா: ரெண்டு முட்டி. ஒண்ணுக்கு நாலு நாள்.

ஆமோஸ்: தினம் பால் வாங்கப் போனேன்னு இப்பத்தானே சொன்னே?

ஹில்டா: நொண்டிக்கிட்டே போனேன். பேச்சை மாத்தாதே. திறக்கிறியா, இல்ல நான் இந்தச் சுவத்துல ஏறிக் குதிக்கட்டுமா?

ஆமோஸ்: ரெண்டு முட்டியோடயா?

நைஜல்: ஹில்டா! ஆமோஸ்! இருங்க, இருங்க... அப்படியே நில்லுங்க! ஒரு போட்டோ!

ஹில்டா: வந்துட்டாரு பல் டாக்டர்.

நைஜல்: ஓய்வு பெற்ற பல் டாக்டர். இப்போ ஊர்ப் பழமைக் குழுச் செயலாளர். ஆமோஸ், கோலைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்க. ஹில்டா, நீங்க கொஞ்சம் கோபமா...

ஆமோஸ்: அதெல்லாம் நீங்க சொல்லணுமா டாக்டர்?

நைஜல்: பிரமாதம்! அடடா, தொண்ணூறு வருஷம் கழிச்சு இந்தப் பட்டிக்குள்ள நிஜமா ஒரு ஆடு! வெளியில நிக்கிற பலகையில எழுதியிருக்கேன் பாருங்க, கடைசியா அடைச்சது ஒரு கழுதை.

ஹில்டா: பாதிரியாரோட கழுதை.

நைஜல்: அப்படியா? அது எனக்குத் தெரியாதே!

ஹில்டா: பாதிரியாரையும் சேர்த்துத்தான் அடைச்சாங்க. ரெண்டும் ஒரே மதுக்கடையிலிருந்துதான் வந்துச்சு. அதையும் பலகையில எழுதுங்க.

நைஜல்: யோசிக்கலாம்... யோசிக்கலாம். ஹில்டா, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். கிடாவை வியாழக்கிழமை வரைக்கும் இங்கயே விட்டு வைங்க.

ஹில்டா: எதுக்கு?

நைஜல்: நடுவர் வர்றாங்க. பழைய தொழுவம், பட்டி, புறாக்கூண்டு, பன்றிக் கொட்டில், எல்லாத்துக்கும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே ஒரு பரிசு. பக்கத்துப் பள்ளத்தாக்குல ஒரு புறாக்கூண்டை வச்சுக்கிட்டு ரொம்ப ஆடறாங்க. ஆனா அவங்க கூண்டுல புறா இல்லை. நம்ம பட்டியில ஆடு இருக்கு!

ஆமோஸ்: கேட்டுக்க. ஊர் மானமே உன் கிடா கையில இருக்கு.

ஹில்டா: ஊர் மானத்துக்காக என் ஆடுங்க பட்டினி கிடக்கணுமா?

நைஜல்: பட்டினியா? புல்லுதான் நிறைய...

ஹில்டா: வேற பட்டினி டாக்டரே. விடுங்க.

நைஜல்: இவன் ஏன் இப்படித் தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறான்? நடுவர் வர்றப்போ கொஞ்சம் கம்பீரமா நிக்க வேணாமா? எங்க, வாயைக் காட்டு கண்ணா... ஐயையோ!

ஆமோஸ்: என்ன, என்ன?

நைஜல்: மேல் வரிசையில முன்பல்லு ஒண்ணுகூட இல்லை! முழுசாக் கொட்டிப் போச்சு!

ஹில்டா: டாக்டரே...

நைஜல்: முப்பத்தஞ்சு வருஷத் தொழில்ல இப்படி ஒரு வாயை நான் பாத்ததே இல்லை. இவனுக்கு யாராவது ஏதாவது செஞ்சிருக்கணுமே...

ஹில்டா: ஆட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது.

நைஜல்: யாரு சொன்னது?

ஹில்டா: ஆடு.

ஆமோஸ்: எந்த ஆட்டுக்கும் கிடையாது டாக்டர். கீழ் வரிசை மட்டும்தான். இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு, சுத்தி எங்க பாத்தாலும் ஆடு...

நைஜல்: நான் இதுவரைக்கும் ஆட்டைப் பின்னாடி இருந்துதான் பாத்திருக்கேன். நான் கிட்டப் போனாலே திரும்பி ஓடிடுதே. ஆமா, பின்பக்கம்னு சொன்னதும் ஞாபகம் வருது ஆமோஸ், உங்க...

ஆமோஸ்: மழை வர்ற மாதிரி இருக்கு!

ஹில்டா: இந்தப் பள்ளத்தாக்குல என்னைக்கு மழை வர்ற மாதிரி இல்லாம இருந்துச்சு? நீ ஏன் கத்தறே?

ஆமோஸ்: டாக்டர் காமெரா நனைஞ்சிடப் போவுதேன்னு...

ஹில்டா: ஆமோஸ், எனக்கு ஒண்ணு சொல்லு. இவன் என் வீட்டை விட்டுக் கிளம்புனப்போ காளை மாதிரி இருந்தான். எட்டு நாள் ஒரு வேலையும் இல்லாம இங்க சும்மா நின்னிருக்கான். கொழுத்திருக்கணும். இப்போ பாரு, விலா எலும்பை எண்ணலாம். நிக்கவே காலு நடுங்குது.

ஆமோஸ்: ஏக்கம்.

ஹில்டா: ஏக்கமா?

ஆமோஸ்: பொண்டாட்டிங்களைப் பிரிஞ்ச ஏக்கம். நாப்பது பேரைப் பிரிஞ்சா உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஹில்டா: நான் ஒருத்தனைப் பிரிஞ்சேன். அடுத்த மாசமே நாலு கிலோ ஏறுனேன். தீனி போட்டியா, இல்லையா?

ஆமோஸ்: தீனியா! தினம் ரெண்டு வேளை. பார்லி, பீட்ரூட்... என் ஆடுங்களுக்குக்கூட நான் அப்படிப் போட்டதில்லை.

ஹில்டா: அதான் கேக்கறேன். நீ உன் ஆடுங்களுக்கே பார்லி போடாதவன். என் கிடாவுக்கு எதுக்கு ராஜ உபசாரம்?

ஆமோஸ்: பட்டிச் சட்டம். அடைச்சவன் நல்லா கவனிக்கணும்.

நைஜல்: சட்டம் அப்படித்தான் சொல்லுது ஹில்டா. ஆமோஸ் கடமையில ரொம்பக் கண்ணு. நான் பாக்கிறப்ப எல்லாம் பட்டிக்குள்ளதான் இருக்கார்.

ஹில்டா: ஓஹோ.

ஆமோஸ்: சும்மா... எட்டிப் பாத்துட்டுப் போவேன்.

ஹில்டா: அது கிடக்கட்டும். உன் நாப்பது பொட்டை ஆட்டுக்கு என்ன வழி பண்ணியிருக்கே? உன் கிடா செப்டம்பர்ல பள்ளத்துல மல்லாந்து விழுந்து, எழுந்திரிக்க முடியாம செத்துச்சே.

ஆமோஸ்: எனக்கென்ன... என் சித்தப்பா பையன் கிடா வருது.

ஹில்டா: எப்போ?

ஆமோஸ்: வருது.

ஹில்டா: நடந்தா வருது?

ஆமோஸ்: வருதுன்னா வருது!

ஹில்டா: உனக்குச் சித்தப்பாவே கிடையாதே ஆமோஸ். உங்கப்பா ஒத்தப் பிள்ளை.

ஆமோஸ்: அம்மா வழியில.

ஹில்டா: உங்கம்மாவுக்குத் தங்கச்சியே இல்லை. அம்மா வழின்னா மாமா பையன்.

ஆமோஸ்: ஏதோ ஒரு பையன்! கிடாவைத்தானே கேட்டே, வம்சத்தையா கேட்டே?

ஹில்டா: உன் நல்லதுக்குத்தான் கேக்கறேன். மே மாசம் பண்ணையாரோட ஆள் வந்து குட்டிகளை எண்ணிப் பாத்துட்டுத்தான் உன் குத்தகையை நீட்டுவார்னு ஊரே பேசுது. குட்டி இல்லேன்னா நிலமும் இல்லை, வீடும் இல்லையாமே.

ஆமோஸ்: ஊருக்கு வேற வேலை இல்லை.

நைஜல்: ஐயோ, அப்படியா ஆமோஸ்? எனக்குத் தெரியாதே...

ஆமோஸ்: ஒண்ணுமில்லை டாக்டர். எல்லாம் பாத்துக்கலாம். வாங்க, உங்க போட்டோவை எடுங்க, எடுத்துட்டுக் கிளம்புங்க.

நைஜல்: முக்கியமான போட்டோ இன்னும் எடுக்கலியே. பின்சுவத்து ஓட்டை!

ஹில்டா: என்ன ஓட்டை?

ஆமோஸ்: ஒண்ணுமில்லை, எலி ஓட்டை.

நைஜல்: எலியா? என்ன ஆமோஸ்! ஹில்டா, அது நம்ம துருப்புச் சீட்டு. சுவரோட அடியில, ஒரு ஆடு குனிஞ்சு நுழையற அளவுக்குச் சதுரமா ஒரு வழி. அந்தக் காலத்துல இந்தப் பக்கத்து ஆட்டை அந்தப் பக்கம் மாத்த வச்சது. ரெண்டு வருஷம் முன்னாடி சுவரைச் செப்பனிட்டப்போ நான்தான் கண்டுபிடிச்சேன். பலகைக் கல்லை வச்சு மூடியிருக்கோம்.

ஹில்டா: அந்தப் பக்கம்னா... சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு வயல்?

நைஜல்: ஆமோஸோடதுதான்.

ஹில்டா: ஆமோஸோடது.

ஆமோஸ்: எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க குத்தகையிலதான் இருக்கு. இதுல என்ன அதிசயம்?

நைஜல்: ஆனா கல்லை யாரோ நகர்த்தியிருக்காங்க. நேத்து பாத்தேன். அஞ்சு பேர் சேர்ந்து வச்ச கல்லு! மேல் கல்லுல கம்பளி மயிர் ஒட்டியிருக்கு. தரையில புல்லே இல்லை, ஒரே குளம்புத் தடம். மழைக்குக் கல்லு சறுக்கிடுச்சுன்னு ஆமோஸ் சொன்னார்.

ஹில்டா: மழை நல்லா படிச்ச மழை போல. கல்லைத் தள்ளி வச்சுட்டு, ஆட்டையும் கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கு.

ஆமோஸ்: இந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லணும்னு பட்டிச் சட்டத்துல இல்லை.

நைஜல்: ஆமோஸ், பரிசுக்காக நீங்க பண்ணின அலங்காரத்தையும் நடுவருக்குக் காட்டலாம் இல்ல?

ஹில்டா: என்ன அலங்காரம்?

ஆமோஸ்: டாக்டர், வீட்டுல உங்க நாய் தனியா...

நைஜல்: நாய் இதோ இருக்கே. மேல் மேய்ச்சல்ல இருக்கிற இவரோட ஆடுங்க ஹில்டா! நான் தினம் காலையில அந்தப் பக்கம் நடக்கப் போறேன், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். என்ன அழகு! பின்பக்கத்துல எல்லாம் சாயம்! கொஞ்ச ஆட்டுக்கு நீலம், கொஞ்சத்துக்குச் சிவப்பு. கம்பளி வெள்ளை. நம்ம தேசியக் கொடி! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நின்னு சல்யூட் அடிச்சேன்.

ஹில்டா: சல்யூட்டா!

ஆமோஸ்: டாக்டர், போதும்.

நைஜல்: நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?

ஹில்டா: இல்ல டாக்டரே. நீங்க சொன்ன மாதிரி யாரும் சரியா சொல்ல முடியாது. எத்தனை நீலம்?

நைஜல்: எண்ணினேன். இருபது.

ஹில்டா: சிவப்பு?

நைஜல்: மூணு.

ஆமோஸ்: புதுசா வேலிக்குப் பெயிண்ட் அடிச்சேன். உரசிடுச்சுங்க.

ஹில்டா: பின்பக்கத்தாலயா? எல்லாம் வரிசையா வந்து, திரும்பி நின்னு உரசிச்சா?

ஆமோஸ்: ஆடு எப்படி உரசும்னு யாருக்குத் தெரியும்...

ஹில்டா: கதவைத் திற. கிடாவோட மாரைப் பாக்கணும்.

ஆமோஸ்: திங்கக்கிழமை...

நைஜல்: என்கிட்டயும் ஒரு சாவி இருக்கே! பழமைக் குழுவுக்குன்னு ஒண்ணு குடுத்தாங்க. இதோ...

ஆமோஸ்: டாக்டர்!

நைஜல்: திறந்தாச்சு. வாங்க ஹில்டா.

ஹில்டா: வாடா சுல்தான். அசையாதே... கொம்பைப் பிடிங்க டாக்டரே, கடிக்க மாட்டான், உங்களுக்குத்தான் தெரியுமே. ம். ஆமோஸ், என் வீட்டுல இருந்து வர்றப்போ இவன் மாருல என்ன சாயம் இருந்துச்சு?

ஆமோஸ்: யாரு பாத்தா.

ஹில்டா: நீலம். இப்போ என்ன இருக்கு? டாக்டரே, நீங்க சொல்லுங்க. பாரபட்சம் இல்லாத ஆள்.

நைஜல்: சிவப்பு. கெட்டியா, பளிச்சுன்னு. அடியில லேசா நீலம். எதுக்கு ஹில்டா கிடாவுக்கு மாருல சாயம்?

ஹில்டா: எந்த ஆட்டு மேல ஏறினான்னு தெரியறதுக்கு. அவன் மாருல இருக்கிறது அது முதுகுல ஒட்டும். வாரம் மாறினா நாங்க சாயத்தை மாத்துவோம். எது முன்னாடி குட்டி போடும், எது பின்னாடி போடும்னு அப்போதான் தெரியும்.

நைஜல்: அப்போ அந்தத் தேசியக் கொடி...

ஹில்டா: ஆமா.

நைஜல்: நான் சல்யூட் அடிச்சது...

ஹில்டா: ஆமா டாக்டரே.

நைஜல்: கடவுளே. மருமகளுக்குப் போட்டோ வேற அனுப்பிட்டேன்.

ஹில்டா: ஏன்யா ஆமோஸ். திருடறவன் திருடிட்டுப் போக வேண்டியதுதானே? வாரம் முடிஞ்சதும் ஏன் சாயத்தை மாத்தினே?

ஆமோஸ்: ...கைப்பழக்கம்.

ஹில்டா: என்னது?

ஆமோஸ்: நாப்பது வருஷப் பழக்கம் ஹில்டா. ஞாயித்துக்கிழமை காலையில எழுந்தா கை தானா சாய டப்பாவைத் தேடுது. பூசி முடிச்சப்புறம்தான், ஐயோ இது நம்ம கிடா இல்லையேன்னு உறைச்சுது. துடைச்சுப் பாத்தேன். போகல.

ஹில்டா: வாரம் முடிஞ்சா நிறம் மாத்தணும்னு கைக்குத் தெரியுது. அடுத்தவ கிடான்னு மட்டும் தெரியல.

நைஜல்: இதுல என் குழுவுக்கு ஏதாவது சட்டப் பிரச்சினை வருமா? பட்டியைப் போய் ஒரு... ஒரு தேனிலவு விடுதி மாதிரி...

ஹில்டா: ஒண்ணும் வராது. நீங்க போய் நடுவருக்குப் போன் போடுங்க. கிடா வியாழக்கிழமை வரைக்கும் இங்கயேதான் இருப்பான்னு சொல்லுங்க.

நைஜல்: நிஜமாவா? ஹில்டா, நீங்க தங்கம்! அந்த ஓட்டையைப் பத்தி நான் பலகையில எழுதணும்னா...

ஹில்டா: போங்க டாக்டரே.

நைஜல்: போறேன், போறேன். வா, டிம்மி.

ஆமோஸ்: ...போயிட்டாரா?

ஹில்டா: போயிட்டார். இனிமே பொய் சொல்ல வேண்டியதில்லை. உக்காரு.

ஆமோஸ்: ஈரமா இருக்கு.

ஹில்டா: உக்காருய்யா.

ஆமோஸ்: போலீசுக்குச் சொல்லப் போறியா?

ஹில்டா: என்னன்னு சொல்ல? என் கிடா இருபத்தி மூணு பேரோட குடும்பம் நடத்திட்டான்னா? அவங்க சிரிச்சே செத்துடுவாங்க. ஏன் இப்படிப் பண்ணே? அதை மட்டும் சொல்லு.

ஆமோஸ்: தெரிஞ்சுதானே கேக்கறே.

ஹில்டா: உன் வாயால வரட்டும்.

ஆமோஸ்: பயம் ஹில்டா. வேற என்ன. கிடா செத்த அன்னைக்கு ராவிலிருந்து சரியா சாப்பிட்டதில்லை. புதுக் கிடா வாங்க வழியில்லை. குட்டி இல்லேன்னா மே மாசம் அந்த ஆள் வந்து, கைகுலுக்கிட்டு, சாவியைக் கேப்பார். நான் பொறந்த வீடு அது. இந்த வயசுல நான் எங்க போய் என்ன பண்ணுவேன்? நைஜலுக்குப் பக்கத்துல நின்னு பலகையைப் படிச்சுக் காட்டவா?

ஹில்டா: எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே.

ஆமோஸ்: எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு? மூணு வருஷம் முன்னாடி உன் கிடா நொண்டினப்போ நீ வந்து என் கிடாவைக் கேட்டே. மூணே மூணு நாளைக்கு. மதுக்கடையில அத்தனை பேர் முன்னாடி நான் என்ன சொன்னேன்?

ஹில்டா: ‘எங்க ஆல்டர்சன் வீட்டுக் கிடா கண்ட வாசலுக்கும் போகாது.’

ஆமோஸ்: அப்படியே ஞாபகம் வச்சிருக்கே.

ஹில்டா: எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

ஆமோஸ்: ...அழுதியா?

ஹில்டா: பின்ன? அந்த வருஷம் பாதி ஆடு மலடா நின்னுச்சு.

ஆமோஸ்: நான் அன்னைக்குக் குடிச்சிருந்தேன்.

ஹில்டா: நீ அன்னைக்கு டீ குடிச்சிட்டு இருந்தே.

ஆமோஸ்: ...ஆமா. டீதான். தப்பு ஹில்டா. அன்னைக்குச் சொன்னதும் தப்பு, இந்த எட்டு நாள் பண்ணினதும் தப்பு. கல்லை நகர்த்துறப்போ இடுப்புப் பிடிச்சுக்கிச்சு, அது எனக்கு வேணும். ஆனா ஒண்ணு. அந்த இருபத்தி மூணு முதுகையும் பாத்தப்போதான் ரெண்டு மாசத்துக்கு அப்புறம் தூக்கம் வந்துச்சு.

ஹில்டா: தூங்கினியா?

ஆமோஸ்: குழந்தை மாதிரி தூங்கினேன். சரி, நீயும் உண்மையைச் சொல்லு. நான் வந்து கேட்டிருந்தா சுல்தானைக் குடுத்திருப்பியா?

ஹில்டா: மாட்டேன்.

ஆமோஸ்: பாத்தியா! என்னமோ பெரிய மனசு மாதிரி பேசினே.

ஹில்டா: சுல்தானைக் குடுத்திருக்க மாட்டேன். இன்னொருத்தனைக் குடுத்திருப்பேன்.

ஆமோஸ்: இன்னொருத்தனா? உன்கிட்ட இருக்கிறது ஒரே கிடா.

ஹில்டா: ரெண்டு. அக்டோபர் சந்தையில ஒருத்தனைப் பிடிச்சேன். பின்பக்கத்து வயல்ல விட்டிருக்கேன், ரோட்டுல இருந்து பாத்தா தெரியாது. இந்த எட்டு நாளா என் ஆடுங்களுக்கு அவன்தான்.

ஆமோஸ்: அப்போ வேலியோரம் நின்னு வழி பாக்குதுன்னியே... இரு. ரெண்டாவது கிடா எதுக்கு வாங்கினே? சுல்தான்தான் இருக்கானே. ஹில்டா? சுல்தானுக்கு என்ன?

ஹில்டா: செப்டம்பர்லயே கால்நடை டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டார் ஆமோஸ். இவன் ஏறுவான், இறங்குவான், சாயம் ஒட்டும். அவ்வளவுதான், குட்டி ஒண்ணுகூட விழாது. இவன் மாருக்குப் புதுசாச் சாயம் பூசி, கேட்டைத் திறந்து, கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஓட்டிவிட்டவளே நான்தான். ‘ஹில்டா, உன் கிடா இங்க நிக்கிறான், ஒரு வாரம் வச்சுக்கட்டுமா’ன்னு நீ ஒரு போன் பண்ணுவேன்னு நினைச்சேன். பண்ணியிருந்தா அன்னைக்கே உண்மையைச் சொல்லி, நல்லவனை உன் வாசல்ல கொண்டுவந்து விட்டிருப்பேன். எட்டு நாள் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். முட்டி வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதுக்கு மேல பொறுத்தா உனக்கு ஒரு குட்டிகூட மிஞ்சாதேன்னுதான் இன்னைக்குக் கிளம்பி வந்தேன். சினை பிடிக்காத உன் ஆடுங்க இன்னும் ஒம்பது நாள்ல மறுபடியும் பருவத்துக்கு வர ஆரம்பிக்கும், நேரம் இருக்கு. இப்பவாவது வாயைத் திறந்து கேளு.